நிறைத்து ஊற்றிய தேநீர்

புகாராவில் ஜூலை மாதம் ரொட்டி சுடுகிறவருக்குச் சிறுநீரகத்தில் கல் வராவிட்டால்தான் நான் ஆச்சரியப்படுவேன். எங்கள் வார்டில் பத்துக் கட்டிலில் ஏழு கல்லுக்குத்தான். அவரவர் கல்லைத் தீப்பெட்டியில் போட்டு வைத்துப் பக்கத்துக் கட்டிலுக்குக் காட்டுவார்கள். பன்னிரண்டு வருடமாக அங்கே நர்ஸ் நான். என் வீட்டுக் கிழவரைத்தான் திருத்த முடியவில்லை.

என் மாமனார் நுஸ்ரத் இன்னும் தந்தூர் அடுப்புக்குள் தலையை விட்டு ரொட்டி ஒட்டுகிறார். உடம்புத் தண்ணீரெல்லாம் வேர்வையாகப் போய்விடும். அவர் அப்பாவுக்கும் கல், தம்பிக்கும் கல். உப்பும் ஆட்டிறைச்சியும் இல்லாமல் சோறு இறங்காது. இடது சிறுநீரகம் கல்லால் கெட்டு, எடுத்தாகிவிட்டது. மிஞ்சிய வலதிலும் இப்போது ஒன்று.

"சின்னக் கல்லுதான், நெறையக் குடிச்சா எறங்கிடும். அடச்சுக்கிச்சுன்னா மாத்துக்கு இன்னொண்ணு இல்ல பாத்துக்க" என்றார் டாக்டர்.

"பச்சத் தண்ணி ஆடு மாடு குடிக்கும்" என்றார் மாமனார். தேநீர்தான் குடிப்பாராம். இந்த ஊர்த் தேநீர் மரியாதையோ கிண்ணத்தின் அடியோடு சரி. எவ்வளவு குறைத்து ஊற்றுகிறோமோ அவ்வளவு மரியாதை. விளிம்புவரை ஊற்றினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். இந்த மரியாதையை வைத்துக்கொண்டு கல்லை எப்படி இறக்குவது?

ஞாயிற்றுக்கிழமை அவருடைய சிநேகிதர்கள் விருந்துக்கு வந்தார்கள். என் கணவர் பெஹ்ருஸ் அப்பாவுக்கு இரண்டு மடக்கு ஊற்றினார். எனக்குப் பொறுக்கவில்லை. கூஜாவைப் பிடுங்கி, மாமனாரின் கிண்ணத்தை விளிம்புவரை நிறைத்தேன்.

ஒருவர் வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தார்.

"என்னப்பா நுஸ்ரத், ஒன்னயே கெளம்பச் சொல்லிட்டாளா?" என்றார் அம்ரோ என்ற சிநேகிதர்.

"வீட்ட விட்டுப் போகச் சொல்லல மாமா. ஒண்ணுக்கு நல்லாப் போங்கன்னுதான் சொல்றேன்" என்றேன்.

மாமனார் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். தேநீர் விரிப்பெல்லாம் ஓடியது. ஆறு நாள் என்னோடு பேசவில்லை. சரியாகக் குடிக்கவுமில்லை. ராத்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"ஒரு மன்னிப்புக் கேட்டுடேன் சுரையோ" என்றார் கணவர்.

"நீங்க போய் ஒங்கப்பா சிறுநீரகத்துகிட்ட கேளுங்க" என்றேன். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து தலைவலியோடு வந்தேன். மாமனார் கூஜாவோடு உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொன்னார். ஒரு கிண்ணத்தை விளிம்புவரை நிறைத்து என் பக்கம் நகர்த்தினார்.

பதினைந்து வருடம் வாழ்ந்த வீடு.

"சரி மாமா. துணிய எடுத்து வைக்கிறேன்."

"எங்க போற? குடி. வார்டுல காலைலேருந்து ஒரு சொட்டுக் குடிக்கிறதில்லயாமே, பெஹ்ருஸ் சொன்னான். ஊருக்கெல்லாம் சொல்ற, ஒனக்குக் கல்லு வந்தா என்னா பண்ணுவ?"

குடித்தேன்.

அவர் தன் கிண்ணத்தையும் நிறைத்தார். யாராவது பார்க்கிறார்களா என்று வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.