கூடத்தில் பிறந்த சபை

"'எங்கள் பாட்டனாரின் கூடத்திலேயே இச்சபை பிறந்தது.' எப்படி இருக்கு?" என்று சபைக் காரியதரிசி காகிதத்தைத் தூக்கிப் பிடித்தபடி மனைவியிடம் கேட்டார்.

பின்வாசல் படியில் மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்த சலவைக்காரியின் கை நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சபையின் ஆண்டுவிழா. பேராயர் வருகிறார். இந்தச் சின்ன மெதடிஸ்ட் சபைக்கு ஒரு வரலாறு எழுதி வாசிக்கச் சொல்லியிருந்தார். மரக்கடை வைத்திருக்கும் காரியதரிசி அதையும் ஒரு நாற்காலியைப் போலவே செய்து முடித்தார்: வேண்டாத இடத்தில் இழைத்து, பளபளவென்று வார்னிஷ் அடித்து.

இழைப்பில் சிதறிப் போனவள் சலவைக்காரியின் மாமியார். சபை பிறந்தது அவள் துணி தேய்த்த கொட்டகையில். முதல் போதகர் ஊருக்குள் வந்து, எல்லாத் தெருக்காரர்களும் ஒன்றாகக் கூடுவதற்கு ஓர் இடம் கேட்டு வீடு வீடாக அலைந்தபோது, காரியதரிசியின் தாத்தா கதவைத் தாழிட்டுக்கொண்டு, "ஐயா வீட்ல இல்லை!" என்று உள்ளேயிருந்து தாமே குரல் கொடுத்தாராம். மாமியார் சாகும்வரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் கல்லறையில் ஒரு கல்கூடக் கிடையாது. ஊரில் அவளுக்கென்று மிஞ்சியது இந்த ஒரு சேதிதான்.

"ஐயா, அது எங்க கொட்டகை இல்லீங்களா?" என்று சலவைக்காரி படியிலிருந்தே கேட்டாள்.

"அதுக்கென்ன இப்போ? பேராயர் முன்னாடி போய் அழுக்குத் துணிக்கு நடுவுல பிறந்த சபைன்னு படிக்கச் சொல்றியா?"

"இயேசு சாமி மாட்டுக் கொட்டில்ல பிறந்ததை எழுதி வெச்சிருக்காங்களேய்யா."

"அது வேற" என்றார் காரியதரிசி.

"துணியை வெச்சுட்டுக் கிளம்பு. கூடத்துப் பக்கம் வந்துடாதே, இப்பதான் துடைச்சேன்" என்றாள் அவர் மனைவி.

வீட்டுக்குப் போன சலவைக்காரி இஸ்திரிப் பெட்டியை அழுத்திய அழுத்தத்தில் போதகரின் அங்கி கருகாமல் தப்பியது கர்த்தர் கிருபை. அதை மடித்து எடுத்துக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனாள். புதிதாக வந்தவர், எதைச் சொன்னாலும் ஆச்சரியப்படும் வயது.

"காரியதரிசி வீட்டுக் கூடத்துலதான் சபை ஆரம்பிச்சுதாமே, தெரியுமாம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் குறும்பு முந்திக்கொண்டது.

"எங்க மாமியார் கதை கதையா சொல்லுவாங்கய்யா. அன்னிக்கு அன்பின் விருந்து நடந்துச்சாம். ஒரு பெரிய கிண்ணம் தண்ணி, ஒரே ரொட்டி. துணி வெளுக்கிறவங்க, தோல் தைக்கிறவங்க, குப்பை அள்ளுறவங்க, எல்லாரும் அந்த ஒரே கிண்ணத்துல வாய் வெச்சுக் குடிச்சாங்களாம்."

"அந்தக் கூடத்துலயா!" போதகருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அந்தத் தாத்தா மாதிரி தங்கமான மனுசன் உண்டாங்கய்யா?"

திரும்பும் வழியில் மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. நடந்ததெல்லாம் நிஜம், இடம் மட்டும்தான் காரியதரிசி கொடுத்தது என்று அதைச் சமாதானப்படுத்தினாள்.

மறுநாள் அவள் சலவைக்குத் துணி எடுக்கப் போனபோது, போதகர் காரியதரிசியின் கூடத்தை நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் சபை முழுக்க இங்கதான் வரும். அதே அன்பின் விருந்து. அதே ஒரே கிண்ணம். பேராயருக்குச் சொல்லிட்டேன், ரொம்ப சந்தோஷப்பட்டார்!"

"சபை முழுக்கன்னா?" என்றாள் காரியதரிசியின் மனைவி.

"முழுக்கத்தாம்மா."

"குப்பை வண்டிக்காரனுமா?"

"உங்க வீட்டுத் தாத்தா யாரையும் ஒதுக்கலையே!"

"கிண்ணம் யாரோடது?"

"உங்களோடதுதான்" என்று போதகர் பூரித்துப் போனார்.

அவர் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்த மனைவி புருஷன் பக்கம் திரும்பினாள். "செத்துப் போன மனுசனை யாரு கொண்டாந்து நடுக்கூடத்துல உக்கார வைக்கச் சொன்னது? ஊரே வந்து எச்சில் பண்ணப் போகுது. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

"மெதுவா பேசுடி, அவ நிக்கிறா."

சலவைக்காரி தலையணை உறையை உதறினாள். "கவலைப்படாதீங்கம்மா. எங்க ஆளுங்க கால் கழுவிட்டுத்தான் வருவாங்க."

காரியதரிசி அன்று முழுக்க யோசித்தார். உண்மையை எழுதிவிட்டால் விருந்து கொட்டகைக்குப் போய்விடும்; அங்கே தான் போகாமலிருக்க ஆயிரம் காரணம் சொல்லலாம். தன் கூடத்துக்கு வருகிறவர்களைத் தடுக்க ஒரு காரணமும் சொல்ல முடியாது. பேனாவை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. காரியதரிசியின் மனைவி முன்பெஞ்சில்; சலவைக்காரி தன் சனத்தோடு வழக்கம்போலக் கடைசி பெஞ்சில் இருந்தாள். காரியதரிசி எழுந்து, கர்த்தர், மிஷனரிகள், மழை, வெள்ளம் எல்லாவற்றையும் கணீரென்று வாசித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இச்சபை பிறந்தது ஒரு சலவைக்காரியின் கொட்டகையில்" என்பதை மேசைக்குச் சொல்வதுபோல் சொல்லி, மூச்சுவிடாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

பேராயர் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சொந்தக் குடும்பத்துக்கு வந்த பெருமையைத் தள்ளிட்டு உண்மையைச் சொல்லியிருக்கார். இந்தத் தாழ்மையைப் பாருங்க!" சபை கைதட்டியது. காரியதரிசி தாழ்மையோடு தலைகுனிந்தார். அது அவருக்கு நன்றாகவே வந்தது.

ஒரு கிண்ணத்துக்குப் பயந்துதான் உண்மை வெளியே வந்தது என்பது, அந்தக் கைதட்டலில், அந்த வீட்டாரைத் தவிர, கடைசி பெஞ்சில் ஒருத்திக்குத்தான் தெரியும். மாமியார் இருந்தால் விலா நோகச் சிரித்திருப்பாள். சலவைக்காரிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் எரிந்தது. அந்தக் கோயிலில் அதுவரை பாட்டுக்கு மட்டுமே வாய் திறந்தவள் எழுந்து நின்றாள்.

"ஐயா, யாரோட கொட்டகைன்னு சொன்னீங்க? கடைசி பெஞ்சுக்குக் கேக்கலை."

கோயில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பேராயர், "திரும்பப் படிங்க, திரும்பப் படிங்க" என்று உற்சாகப்படுத்தினார்.

காரியதரிசி பக்கத்தைப் பின்னால் புரட்டி, சத்தமாகப் படித்தார்.

"இப்போ கேக்குதா?"

"எனக்குக் கேக்குதுங்கய்யா. முன்பெஞ்சு அம்மாவுக்குக் கேட்டுச்சான்னு கேட்டுட்டு, இன்னொரு தடவை படிங்க."