கடைசி மேஜையின் மூடி

மேனேஜர் திருவேங்கடம் சார் அந்தத் தாளை என் பக்கம் தள்ளி, பேனாவையும் திறந்து கையில் கொடுத்தார். ஆங்கிலத்தில் நாலு வரி. தற்காலிக டைப்பிஸ்ட் நூர் நிஷாவின் கவனக்குறைவால் பதினான்கு கம்ப்யூட்டர்களும் ஒன்றரை நாள் நின்றுபோயின, ஆகவே அவளை வேலையிலிருந்து நீக்கலாம். கீழே தொழில்நுட்பப் பொறுப்பு என்று போட்டு அகிலாண்டம் என்ற என் பெயரையும் அடித்து வைத்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன காரணம்னு இன்னும் நான் பார்க்கலையே சார்."

"இதிலே பார்க்க என்ன இருக்கு? வயர் முடியறது அவ மேஜைக்குக் கீழே. இன்ஜினியர் வந்து அந்தக் கடைசி மூடியை மாத்தினான், ஓடறது. காலாலே இடிச்சிருப்பா. போடு."

கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று எழுந்து வந்துவிட்டேன். அவர்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேலேயே இருந்தது. எண்பத்தெட்டு தொடக்கத்தில், செம்பூரில் இருக்கும் எங்கள் லாரி கம்பெனிக்குக் கம்ப்யூட்டர்கள் வந்தபோது, அவற்றை எப்படி இணைக்கலாம் என்று மூன்று படம் போட்டு அவரிடம் காட்டியவள் நான்தான். முதல் படத்தில் சுவரோரமாக ஒரே வயர், எல்லா மெஷினும் அதில் தொங்கும், இரண்டு முனையிலும் ஒரு சின்ன உலோக மூடி. செலவு குறைவு. ஆனால் எங்காவது ஓர் இணைப்பு தளர்ந்தாலும் எல்லாமே படுத்துவிடும், எங்கே தளர்ந்தது என்று வயர் சொல்லாது. இரண்டாவதில் மெஷின்கள் வட்டமாகக் கைகோத்து, முறை வைத்துப் பேசிக்கொள்ளும். இடித்துக்கொள்ளாது, ஆனால் ஒருவர் கையை விட்டால் வட்டமே போச்சு. மூன்றாவதில் நடுவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒவ்வொரு மேஜைக்கும் தனி வயர். பெட்டி கெட்டால் எல்லோருக்கும் கஷ்டம்தான், வயரும் நாலு மடங்கு வேண்டும். ஆனால் ஒருத்தியின் கோளாறு அவளோடு நிற்கும். யாருடையது என்று பெட்டியில் விளக்கே காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவதுதான் வேண்டும் என்றேன். "ஹார்பர் லைன் ரயிலெல்லாம் ஒரே தண்டவாளத்திலே ஓடலையா?" என்று அவர் சிரித்தார். குர்லாவில் ஒரு வண்டி நின்றால் பின்னால் எத்தனை வண்டி நிற்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். அந்தப் பதில் எனக்கு வீட்டுக்குப் போகும் வழியில்தான் தோன்றியது. அதற்குள் முதல் படத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

நூர் நிஷா வெளியே தண்ணீர்ப் பானை அருகில் நின்றிருந்தாள். தாராவியிலிருந்து வருகிற பெண். பட்டறையில் அவள் வாப்பாவின் கை மெஷினில் மாட்டியதிலிருந்து வீடு ஓடுவது இவள் சம்பளத்தில். இரண்டு வருஷமாகத் தற்காலிகம். வேலையை நிரந்தரமாக்கும் ஆர்டர் அடுத்த மாதம் வர வேண்டியது.

"நான் அதத் தொடவே இல்லக்கா. கால் பட்டுரக்கூடாதுன்னு பையக்கூட அங்கிட்டுதான் வப்பேன். பூஜை லீவு முடிஞ்சு வந்து ஸ்விட்ச் போட்டேன், வரல. அவ்வளவுதான்க்கா."

இன்ஜினியர் கழற்றிப் போட்ட பழைய மூடி என் கைப்பையில் கிடந்தது. ஜன்னலோரம் போய், தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்து அதன் உள்ளே சுரண்டினேன். மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது. விரலில் தேய்த்து முகர்ந்தேன். சந்தனம்.

ஆயுத பூஜை அன்று நான் மத்தியானமே மாட்டுங்காவுக்குக் கிளம்பிவிட்டேன், வீட்டில் பூஜை இருந்தது. பியூன் பஞ்சுவைப் பிடித்துக் கேட்டேன்.

"சார்தான் கழட்டினார்மா. ஸ்டேப்ளர், கத்திரிக்கோல், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் அம்பாள் முன்னாடி வெச்சோம். கம்ப்யூட்டரைத் தூக்கி வெக்க முடியாதே, அதுக்குப் பதிலா அதோட ஒரு பாகமாவது தாம்பாளத்திலே இருக்கட்டும்னார். சந்தனம் குங்குமம் அவரே வெச்சார். பூஜையிலே வெச்சதை அன்னிக்குத் தொடப்படாதில்லையா, விஜயதசமி முடிஞ்சு அவரே மாட்டிட்டார்."

காய்ந்த சந்தனம்தான் இணைப்பைத் தடுத்திருக்கிறது. உள்ளே போய்ச் சந்தன மூடியை அவர் முன்னால் வைத்தேன். மனிதர் குனிந்து அதை முகர்ந்தார். முகம் வெளுத்தது. இப்போது அந்தத் தாளைக் கிழிப்பார் என்றுதான் நம்பினேன்.

"தெரியாம நடந்துடுத்து," என்றார். "பூஜை பண்ணினதாலே நின்னு போச்சுன்னு மேலே எழுத முடியுமா, சொல்லு. அவ டெம்பரரிதானே. வேற இடத்திலே கிடைக்கும். ஜானே தோ, விட்டுடு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னிக்குப் பூஜையிலேகூட அவ தள்ளித்தானே நின்னா," என்றார்.

ஆயுத பூஜை அன்று காலையில் தன் மெஷினை ஈரத்துணியால் மூன்று முறை துடைத்து, பூச்சரம் வைக்க இடம் பண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் அவள் தள்ளி நின்றாள். அவள் துடைத்ததை, கிளம்புவதற்கு முன் நான் கண்ணால் பார்த்தேன். என் வாயில் கெட்ட வார்த்தை ஒன்று வந்தது. இருபத்தொன்பது வயதில் அதுவரை ஒருவரையும் நான் அப்படி நினைத்ததில்லை. வார்த்தையை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

நேரே கடைசி மேஜைக்குப் போனேன். நாற்காலி காலியாக இருந்தது. மண்டியிட்டுக் கையை நீட்டி, வயரின் முனையில் இருந்த புது மூடியைத் திருகிப் பிடுங்கினேன். எழுந்து திரும்புவதற்குள் தட்டச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. எல்லாத் திரையிலும் எழுத்து நின்ற இடத்திலேயே நின்றது. "அரே, ஃபிர் கயா?" மறுபடியும் போச்சா என்று யாரோ இந்தியில் கத்தினார்கள்.

மறுபடி அவர் அறைக்குப் போய், புது மூடியைப் பழைய மூடிக்குப் பக்கத்தில், அந்தத் தாளின்மேல் வைத்தேன்.

"இப்போ பிடுங்கினது நான். அவ பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதுங்கோ. கையெழுத்துப் போடறேன்."

அவர் எந்த மூடியையும் தொடவில்லை. போன் அடிக்க ஆரம்பித்தது, அதையும் எடுக்கவில்லை. அவர் பார்வை என்னைத் தாண்டி வாசலுக்குப் போயிற்று. திரும்பிப் பார்த்தேன். கூச்சலைக் கேட்டுத் தண்ணீர்ப் பானையடியிலிருந்து ஓடிவந்த நூர் நிஷா அங்கே நின்றிருந்தாள். யாரும் ஒன்றும் கேட்காமலே, ஈரம் சொட்டும் இரண்டு கைகளையும் விரித்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.