இரண்டு வேர்

தண்ணீர் நிரப்பிய மருந்துக் குப்பியின் வாயில் நான்கு நாளாக உட்கார்ந்திருந்த சின்ன வெங்காயம் முறத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் வெள்ளை வேர்களை மலர்க்கொடியின் அம்மா சின்னம்மாள் ஒட்ட நறுக்கியிருந்தாள்.

"தண்ணில கெடந்தா அழுகிப்போவும்ல கண்ணு. அதான் எடுத்து ஒணத்துனேன்."

அறுவடை செய்து சேமிப்புப் பட்டறையில் அடுக்கிய வெங்காயத்தில் ஈரம் பட்டுவிடுமோ என்று ஆயுசு முழுக்க பயந்தவள். அவளை எப்படிக் கோபிப்பது? பத்து மணிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு செய்முறைத் தேர்வு. அவரவர் முளைக்கவைத்த வேர் நுனியில் செல் பிரிவதைக் காட்ட வேண்டும். தவறினால் படிப்பு நின்றுவிடும், அப்புறம் களைக்கொத்துதான்.

பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் சோளக்காடுகள் ஏதோ கனவில்போல மிதந்து போயின.

ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேஜை அமலோற்பவமேரிக்கு. வரதராஜன்பேட்டைக்காரி, விடுதியில் தங்கிப் படிப்பவள்.

"எங்கடி வெங்காயம்? தின்னுட்டியா?"

"அம்மா காயவச்சிட்டாங்கடி."

சிரிக்க வாய் திறந்த மேரி, தோழியின் கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவளுடைய வெங்காயம் விட்டிருந்ததே இரண்டு வேர். ஒன்று கெட்டால் மற்றொன்று என்று வைத்திருந்தாள். இரண்டையும் நறுக்கி ஒன்றை இந்தப் பக்கம் தள்ளினாள்.

"வேணாம்டி. ஒன்னுது கெட்டுப்போச்சுன்னா?"

"மாதாகிட்ட ரெண்டு பேருக்கும் சேத்துதான் சொல்லிருக்கேன். பேசாம வேலையப் பாரு."

மலர்க்கொடி வேரைச் சிவப்புச் சாயத்தில் இட்டு விளக்கில் வாட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். மேரியின் கட்டைவிரலடியில் கண்ணாடி நொறுங்கி, வேர் தூளோடு தூளாகியிருந்தது. அவள் உதடு ஜெபத்தில் அசைந்தது.

மலர்க்கொடி பிளேடை எடுத்தாள். கடுகளவு நுனி. மூச்சை அடக்கி நெடுக்கில் பிளந்து ஒரு பாதியை மேரியின் கண்ணாடித் தகட்டில் வைத்தாள்.

"உனக்குப் பத்தாதுடி," என்றாள் மேரி.

"மெதுவா அழுத்து. பத்தும்."

நுண்நோக்கிக்குள் இளஞ்சிவப்பு வெளிச்சம் விரிந்தது. பெரும்பாலான செல்கள் உட்கருவை உருட்டி வைத்துக்கொண்டு, பிரியாமல் உறங்கின. தகட்டை நகர்த்தினாள். மேலும் உறக்கம். தேர்வாளரின் செருப்புச் சத்தம் மேரியின் மேஜையருகே நின்றது. மலர்க்கொடி நிமிரவில்லை, இன்னும் ஒரு மயிரிழை நகர்த்தினாள்.

அங்கே, பிரிந்துகொண்டிருக்கும் ஒரு செல். உள்ளிருந்த நூல்கள் இரு முனைக்கும் போய்ச் சேர்ந்து இரண்டு உட்கருக்களாகச் சுருண்டிருந்தன. நடுவே மூச்சுப் பட்டாலே கலைந்துவிடுவதுபோல் ஒரு மெல்லிய கோடு. அது இன்னும் ஓரங்களைத் தொடவில்லை. இரண்டு பக்கமும் ஒரே இளஞ்சிவப்பு, இடைவெளி வழியே கலந்து நின்றது.