நிர்வாகி அனுமதி தேவை

திரையில் மறுபடியும் அந்தச் சின்னப் பெட்டி வந்து நின்று, நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டது. எழில் போட்டாள். தவறு என்றது. தன் பெயரோடு பிறந்த வருடத்தைச் சேர்த்துப் போட்டாள். கல்லூரிப் பெயரைப் போட்டாள். தேர்வுப் பதிவெண்ணைக்கூடப் போட்டுப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில். பின்னால் கட்டிலில் தங்கை லாவண்யா கைக்குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் எழிலுக்கு எரிச்சலைக் கிளப்பியது. திட்டினாலாவது திருப்பித் திட்டலாம்.

"நாலு வருசம் படிச்சிட்டு ஒரு பொட்டியத் தொறக்கத் தெர்ல பாரு" என்றாள் அம்மா ராணி, அடுப்படியிலிருந்து.

"நீ கொஞ்சம் சும்மா கிட மா."

கரையான்சாவடியில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் உதயகுமார், லாவண்யாவுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். கடைக்கு வர வேண்டாம், கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் வீட்டிலிருந்தே வரைந்து அனுப்பினால் போதும். கைக்குழந்தைக்காரிக்கு இதைவிட நல்ல வேலை அமையாது. ஆனால் சொந்தக் கம்ப்யூட்டர் வேண்டும், அவர் சொன்ன மென்பொருள் அதில் ஓட வேண்டும், நாளைக் காலையில் முதல் பேனர். இல்லையென்றால் வரிசையில் வேறு ஆள் இருக்கிறது. சென்னீர்குப்பத்தில் தாய்வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளட்டுமா என்று லாவண்யா கேட்டபோது, எழில் தாராளமாகச் சரி என்றாள். அதன் கடவுச்சொல் தனக்கே மறந்துவிட்டது என்பது இன்று காலை தங்கை புகுந்த வீடான வெள்ளானூரிலிருந்து வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கம்ப்யூட்டர், எழில் இன்ஜினியரிங் சேர்ந்த வருடம் அப்பா வாங்கிப் போட்டது. பெட்டியைப் பிரித்த அன்றே தன்னை நிர்வாகி ஆக்கிக்கொண்டு, வீட்டில் மற்ற எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு சாதாரணக் கணக்கைத் திறந்துவிட்டாள். பார்க்கலாம், எழுதலாம், புதிதாக எதையும் ஏற்ற முடியாது. இதுகளுக்கு என்ன தெரியும், கண்டதை ஏற்றிக் கெடுத்து வைக்கும் என்பது அவள் எண்ணம். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த லாவண்யா, படம் வரைகிற மென்பொருளை இறக்கி வைத்துவிட்டு அவள் பின்னாலேயே சுற்றுவாள். "ஒரு வாட்டி பாஸ்வேர்டு போடுக்கா." மொதல்ல மார்க்கு எடு, பொம்ம போட்டு சோறு துன்ன முடியாது என்பாள் எழில்.

லாவண்யா மார்க்கும் எடுத்தாள். ஆனால் அரசு தரும் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான். அதை எழில் வாங்கியாகிவிட்டது. ஒருத்தி படிச்சது போதும் என்று அப்பா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொன்னபோது எழில் குனிந்து ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். கல்லூரியில் எதிர்த்துப் பேசுவதற்கென்றே பெயர் வாங்கியவள். அன்றைக்குப் பேசவில்லை.

இப்போது எழில் சுலைமானுக்குப் போன் போட்டாள். இந்தப் பக்கம் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவன்தான் வந்து சரிபார்ப்பான்.

"பாஸ்வேர்டு மறந்தா இன்னாக்கா, ஓஎஸ் மாத்தி உட்டா முடிஞ்சிது. ஆனா நான் வாணியம்பாடில கீறேன். மச்சான் கல்யாணம். புதன்கெழம வர்றேன்."

"நாளைக்கே வேணும்யா."

"அட, நீயே இன்ஜினியரு. என்னப் போய் கேட்டுகினு கீற?" பின்னால் மேளச் சத்தத்தோடு அவன் சிரிப்பும் கேட்டது.

போனை வைத்துவிட்டு, கை சும்மா இருக்க மாட்டாமல் அந்தப் பொதுக் கணக்கில் கிடந்த லாவண்யாவின் படங்களைத் திறந்தாள். எல்லாம் கம்ப்யூட்டரோடு வந்த சாதாரண வரைபலகை மென்பொருளில் போட்டவை. வேறு எதுவும்தான் ஏற முடியாதே. ஆடித் திருவிழா பேனர் ஒன்று. தமிழ் எழுத்துகளைத் தட்டச்ச வழியில்லாமல் மவுஸைப் பிடித்து ஒவ்வொன்றாக வரைந்திருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தபோது 'ழ'வின் வாலில் ஒவ்வொரு புள்ளியும் கையால் வைத்தது தெரிந்தது. அம்மன் மூக்குத்தியில் மட்டும் வெள்ளைப் புள்ளி ஒன்று மின்னியது. எழில் அதை மூடினாள்.

"ஃபர்ஸ்ட் கிராஜுவேட்" என்றாள் லாவண்யா.

"இன்னாது?"

"அதான் பாஸ்வேர்டு. எல்லாம் சின்ன எழுத்து, எடம் உடாம சேத்துப் போடு. கடசீல ஒன்னாம் நம்பரு."

எழில் தட்டினாள். பெட்டி சத்தமில்லாமல் விலகியது. பச்சைக் கோடு ஒன்று மெல்ல ஊர்ந்து, மென்பொருள் ஏறத் தொடங்கியது. அந்தச் சொல்லை ஒரு காலத்தில் அப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறாள் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. இப்போது வேலை பார்க்கும் அம்பத்தூர் அலுவலகத்தில் எல்லோருமே பட்டதாரிகள்.

"எப்பத்துலேர்ந்துடி தெரியும்?"

"பிளஸ் டூ படிக்கசொல்லவே. டைப் பண்றப்ப நீ முணுமுணுத்துகினே பண்ணுவ."

"தெரிஞ்சிகினேவா அத்தினி வாட்டி என் பின்னாடி வந்து நின்ன?"

லாவண்யா குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள். "அந்தப் பேர நான் எப்டிக்கா போட்றது? அது உன்க்குக் குடுத்தது."

"அப்ப காத்தாலேர்ந்து குந்திகினு வேடிக்க பாத்தியா?"

"உன்க்கே ஞாபகம் வரும்னு பாத்தேன்."

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று எழில் நினைத்தாள். நாக்கின் நுனியில் என்னவோ வந்து நின்றது. அவள் வீட்டில் அதையெல்லாம் யாரும் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. திரும்பி, கணக்குகள் இருக்கும் பக்கத்தைத் திறந்தாள். லாவண்யா பெயரில் புதுக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அவளை நிர்வாகி ஆக்கினாள். புதுக் கடவுச்சொல் என்ன என்று கேட்டு, வெற்றுக் கட்டத்தில் கோடு துடித்தது.

"வா. குந்து."

"நீயே ஏதாச்சும் போட்டுடுக்கா."

"குந்துடின்றேன்ல." சொன்ன வேகத்தில் எழுந்து, அவள் மடியிலிருந்து குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு ஜன்னலருகே போய் நின்றாள். பெங்களூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பின்னால் நாற்காலி இழுபட்டது. பிறகு விசைகள் ஒவ்வொன்றாக, யோசித்து யோசித்து, தட்டப்படுவது கேட்டது.

"மறுக்கா போடச் சொல்துக்கா."

"அதையே போடு. மாத்திப் போட்டுடாத."

மறுபடியும் விசைகள். எழில் திரும்பவில்லை. அவள் தோளுக்கு மேலே தலையைத் தூக்கி, குழந்தை மட்டும் கண்கொட்டாமல் தன் அம்மாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.