பெட்டி எண் 414-இன் நம்பகத்தன்மை

"உலகத் தபால் வரலாற்றில் ஒரு புதிய அத்தியாயம் இந்த மாதம் முதல் தேதி தொடங்குகிறது என்பதைச் சங்கத்தின் நூற்றுப் பதினெட்டு உறுப்பினர்களுக்கும் வருங்காலச் சந்ததியினருக்கும் பெருமிதத்துடன் அறிவிக்கிறோம். அந்த அத்தியாயத்தில் தங்கள் பங்கு என்ன என்று தெரிந்துகொள்ள, மாலை ஆறு மணிக்கு இரண்டாவது மாடி நடைக்கூடத்துக்கு வரவும். நாற்காலி குறைவு. வருகிறவர்கள் கையோடு கொண்டுவரவும்."

கடல் கடந்து பிழைக்க வந்தவர்களின் நலச் சங்கத் தலைவர் தம் கையால் எழுதிய இந்த அறிவிப்பு, சங்கத்தினர் பலர் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்டுக்குள் மூன்று நகல்களாக, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது. எதையும் மூன்று நகல் எடுக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'மூணு நகல்' என்றே பெயர். முகத்துக்கு நேரே தலைவர்.

தலைவர் ஒரு கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். வந்து இருபத்திரண்டு வருஷம். தினமும் எட்டு மணி நேரம் பாட்டிலை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்து, உள்ளே குமிழி இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் தள்ளிவிடுவார். இப்படிக் குறை கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்குகிற மனிதர், வேலை முடிந்து வந்த பிறகு சும்மா உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அந்த நாட்டில் தபால்காரர் வீடு தேடி வருவதில்லை. கடிதம் வேண்டுமென்றால் ஒன்று வேலை செய்கிற இடத்தின் விலாசத்தைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தபால் நிலையத்தில் பெட்டி வைத்திருக்க வேண்டும். சங்கத்துக்கு ஒரு பெட்டி இருந்தது. எண் 414. ஒரு ஜோடி செருப்பு வைத்தால் நிரம்பிவிடும் அளவு. சாவி தலைவரிடம்.

இரண்டு மாதம் முன்பு, உறுப்பினரான ஒரு டிரைவருக்கு, அவருடைய சித்தப்பா மகளின் கல்யாணப் பத்திரிகை கல்யாணம் முடிந்து பத்து நாள் கழித்து வந்து சேர்ந்தது. தபாலை இனி நம்ப முடியாது என்று பேச்சு கிளம்பியது. தலைவர் உடனே 'தபால் நம்பகத்தன்மை ஆய்வுக் குழு' ஒன்றை அமைத்துத் தம்மையே அதற்கும் தலைவராக நியமித்துக்கொண்டார். சித்தப்பா அந்தப் பத்திரிகையைக் கல்யாணத்துக்கு மறுநாள்தான் தபாலில் போட்டார் என்பது பிறகு தெரியவந்தது. ஆனால் அமைத்த குழுவைக் கலைக்கச் சங்க விதிகளில் இடமில்லை.

நடைக்கூடக் கூட்டத்தில் தலைவர் திட்டத்தை விளக்கினார். ஒவ்வொரு உறுப்பினரும் ஊரிலிருக்கும் சொந்தக்காரர் ஒருவரிடம் பெட்டி 414-க்கு ஒரு கடிதம் போடச் சொல்ல வேண்டும். போட்ட தேதியை உறையின் மேல் எழுத வேண்டும். வந்த தேதியை இங்கே தபால் நிலையத்து முத்திரை சொல்லிவிடும். கழித்துப் பார்த்தால் எத்தனை நாள் என்று தெரியும். எத்தனை கடிதம் காணாமல் போயிற்று என்பதும் தெரியும். காணாமல் போகும் என்பதில் தலைவருக்குச் சந்தேகமே இல்லை. எத்தனை என்பதுதான் கேள்வி.

ஆய்வு என்றால் ஆய்வாக இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் விதித்தார். ஒன்று, வெறும் உறை கூடாது. உண்மையான கடிதம் போலக் கனமாக இருக்க வேண்டும். இதனால் ஊரிலுள்ள சொந்தங்கள் எல்லாம் பழைய காலண்டர் தாள்கள், பிள்ளைகளின் போன வருஷத்துப் பரீட்சைத் தாள்கள், குக்கர் வாங்கியபோது கூட வந்த கையேடு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் உறையில் திணித்தார்கள். இரண்டு, முதல் தேதியிலிருந்து இருபத்தைந்தாம் தேதி வரை பெட்டியை யாரும் திறக்கக் கூடாது. கடிதங்களை ஊழியர்கள் பின்பக்கத் திறப்பு வழியாகப் போடுவதால், முன்கதவுக்கு அரக்கு சீல் வைக்கப்படும். இருபத்தைந்தாம் தேதி அனைவர் முன்னிலையிலும் உடைக்கப்படும்.

இடையில் நிஜமாகவே யாருக்காவது கடிதம் வந்தால் என்ன செய்வது என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. கேட்டவர் ஏசி மெக்கானிக். தலைவரின் தங்கை கணவர்.

"மாப்பிள்ளை, நிஜக் கடிதமும் ஆய்வுக்கு உட்பட்டதுதான்" என்றார் தலைவர். கூட்டம் கை தட்டியது. மாப்பிள்ளை தட்டவில்லை. அவருக்குக் காரணம் இருந்தது.

தலைவரின் தங்கை நர்ஸ். ஊரில் படித்து, இரண்டு வருஷம் முன்பு அண்ணன் ஏற்பாட்டில் இங்கே வந்து, ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் வார்டில் தற்காலிக உரிமத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த உரிமம் இந்த மாதம் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. அதற்குள் அவள் படித்த கல்லூரி, அசல் சான்றிதழை உறையிலிட்டு, முத்திரை வைத்து அனுப்ப வேண்டும். பிரிக்காமல் அதை மருத்துவமனை அலுவலகத்தில் ஒப்படைத்தால் நிரந்தர உரிமம். இல்லையென்றால் வேலை இல்லை. கல்லூரியோ பதிவுத் தபாலில் மட்டும்தான் அனுப்பும். கூரியர் பையனிடம் கொடுக்கச் சொன்னால், கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் கல்லூரிப் படிவத்தில் மருத்துவமனை விலாசத்தை எழுதப் போன நேரத்தில்தான் அண்ணன் வீட்டுக்கு வந்தார்.

"ஆஸ்பத்திரி விலாசமா? அங்க தினம் ஆயிரம் பேருக்குக் கடிதம் வருது. உன் உறையை எவன் எந்த மேசையில தூக்கிப் போடுவான்னு யார் கண்டா?"

"ரெண்டு வருஷமா எனக்கு வர்றதெல்லாம் அங்கதான் அண்ணா வருது."

"வந்தது உனக்குத் தெரியும். வராதது எத்தனைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. யாரிடமும் இருந்திருக்காது. அவளை இந்த ஊருக்குக் கூட்டி வந்தவர் அவர். முதல் மாதம் படுக்கப் பாய் கொடுத்தவர் அவர். மேலும், சீல் உடைக்கிற தேதிக்கும் உரிமம் முடிகிற தேதிக்கும் நடுவே முழுசாக ஐந்து நாள் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். தங்கை பெட்டி எண் 414 என்று எழுதினாள். கல்லூரி ஐந்தாம் தேதி உறையை அனுப்பியது.

அதன் பிறகு தலைவர் தினமும் காலை ஏழரைக்குத் தொழிற்சாலை போகும் வழியில் தபால் நிலையத்துக்குப் போனார். பாட்டில் பார்க்கிற பூதக்கண்ணாடியால் சீலைப் பார்த்தார். நோட்டில் தேதி போட்டு, 'சீல் பத்திரம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பதினான்காம் தேதி மட்டும் கூடுதலாக ஒரு வரி எழுத வேண்டி வந்தது: 'கதவில் மஞ்சள் தாள் ஒன்று ஒட்டப்பட்டுள்ளது. ஆய்வுக்குத் தொடர்பில்லாதது. தொடவில்லை.'

தாளில் அந்த நாட்டு மொழியில் ஏதோ அச்சடித்து, நடுவே பேனாவால் நிரப்பியிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மொழியைப் படிக்கிற அவசியம் தலைவருக்கு ஏற்பட்டதில்லை. பாட்டிலில் குமிழி எந்த மொழியிலும் ஒன்றுதான். கவுண்டரில் இருந்தவர் எழுந்து வந்து, மஞ்சள் தாளைக் காட்டி, பிறகு கவுண்டரைக் காட்டி, என்னவோ நீளமாகப் பேசினார். ஆய்வைப் பற்றி ஊழியர்கள் மத்தியில் ஆர்வம் உண்டாகியிருப்பதாகத் தலைவர் புரிந்துகொண்டு, அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தார். அன்று நோட்டில் அதையும் எழுதினார்.

பதினெட்டாம் தேதி தங்கை பொறுக்க முடியாமல் போன் செய்தாள். பெட்டியைத் திறக்க வேண்டாம், கவுண்டரில் ஒரு வார்த்தை விசாரித்தால் போதும் என்றாள். பெட்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் தகவல் சொல்வார்களாம். அவள் ஏற்கெனவே தபால் நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்டுப் பார்த்திருந்தாள். தலைவர் பொறுமையாக விளக்கினார். விசாரித்தால் அவர்கள் உஷாராகிவிடுவார்கள். உஷாரானவர்களை வைத்து ஆய்வு செய்தால் அது ஆய்வே இல்லை. தங்கை சரி என்று சொல்லி வைத்துவிட்டாள். மாப்பிள்ளை அன்று மாலை சங்கத்துக்கு இரவல் கொடுத்திருந்த இரண்டு நாற்காலிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

இருபத்தைந்தாம் தேதி அறுபது பேர் தபால் நிலையத்தில் கூடினார்கள். பாதிப் பேர் நாற்காலியோடு வந்திருந்தார்கள். தலைவர் கோட்டு போட்டிருந்தார். தங்கை பணி முடிந்து யூனிபார்மோடு நேராக வந்து கடைசியில் நின்றாள். தலைவர் நான்கு நிமிடம் பேசிவிட்டு அரக்கை உடைத்துச் சாவியைத் திருப்பினார்.

கதவு திறந்தது. ஒரு கடிதம்கூட வெளியே விழவில்லை. விழ இடமில்லை. செங்கல் அடுக்கினது போல உள்ளே இறுகியிருந்தது. தலைவர் ஒரு உறையின் நுனியைப் பிடித்து இழுத்தார். நுனி மட்டும் வந்தது. கடைசியில் மாப்பிள்ளை பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நெம்பினார். மொத்தம் அறுபத்து நான்கு உறைகள். மீதி ஐம்பத்து நான்கையும் கவுண்டர்காரர் ஒரு சாக்கில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்து, இப்போது தூக்கி வந்து கொடுத்தார். நூற்றுப் பதினெட்டு. ஒன்றுகூடக் குறையவில்லை. அத்தனையும் ஆய்வுக் கடிதங்கள்.

தங்கை இரண்டு தடவை எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தாள். அப்புறம் திறந்து கிடந்த கதவில் ஒட்டியிருந்த மஞ்சள் தாளைப் பார்த்தாள். மருத்துவமனையில் நோயாளிகளோடு பேச வேண்டியிருந்ததால் அந்த மொழியை அவள் படித்திருந்தாள். முதலில் மனதுக்குள் படித்தாள். பிறகு தமிழில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள். பதிவுத் தபால் ஒன்று வந்திருக்கிறது. பெட்டி நிரம்பியிருப்பதால் அறிவிப்புச் சீட்டை உள்ளே போட முடியவில்லை. ஏழு நாளுக்குள் கவுண்டரில் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளவும். தேதி பதினான்கு.

நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

"அது ஆய்வுக்குத் தொடர்பில்லாததுன்னு நோட்டுல பதிவு பண்ணியிருக்கேன்" என்றார் தலைவர்.

"எத்தனை தடவை பாத்தீங்க மச்சான்?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

தலைவர் நோட்டைத் திறந்து எண்ணினார். அவர் நேர்மையான மனிதர். "பன்னண்டு" என்றார்.

சாதாரணக் கடிதத்தைச் சாக்கில் போட்டு வைக்கலாம், பதிவுத் தபாலை ஏழு நாளுக்கு மேல் வைக்க விதியில்லை என்றார் கவுண்டர்காரர். இருபத்தோராம் தேதி அது கல்லூரிக்கே திருப்பி அனுப்பப்பட்டுவிட்டது. இந்தப் பெரியவரிடம் தான் நேரிலேயே சொன்னதாகவும், அவர் சந்தோஷமாகக் கை குலுக்கினதாகவும் சொன்னார். தங்கை அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

கல்லூரிக்குப் போன் போட்டார்கள். போன உறை திரும்பி வந்தால்தான் அடுத்தது எதுவானாலும் என்றார்கள். மருத்துவமனை அலுவலகத்தில் கேட்டார்கள். முப்பதாம் தேதி மாலை ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான் என்றார்கள். உறை எப்படியாவது ஒன்றிரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்துவிட்டால், கையோடு வாங்கி அடுத்த விமானத்தில் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு, தங்கை இருபத்தேழாம் தேதி ஊருக்குக் கிளம்பினாள்.

பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து வாசலிலேயே நின்றார். மாப்பிள்ளை உட்காரச் சொல்லவில்லை. நாற்காலி மேல் துணி கிடந்தது. தலைவர் கையில் இருந்த நோட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே நின்றார்.

"உன் நல்லதுக்குத்தாம்மா சொன்னேன்" என்றார்.

"தெரியும் அண்ணா" என்றாள் தங்கை, புடவையை மடித்தபடியே. "அன்னிக்கு வராதது எத்தனைன்னு கேட்டீங்க, பதில் தெரியல. இப்பத் தெரியும். ஒண்ணு."

முப்பதாம் தேதி மாலை ஆறு மணிக்கு ஆய்வறிக்கை வெளியீட்டுக் கூட்டம், அறிவித்தபடியே நடந்தது. பதினோரு பேர் வந்திருந்தார்கள். கடிதங்கள் நூற்றுப் பதினெட்டு. வந்தவை நூற்றுப் பதினெட்டு. காணாமல் போனவை இல்லை. கிழிந்தது ஒன்று, அதுவும் தலைவர் கையால். வந்து சேர எடுத்துக்கொண்ட நேரம் சராசரி ஒன்பது நாள். தபாலின் நம்பகமின்மையைக் கண்டித்துத் தலைவர் மூன்று நகல்களில் ஒரு தீர்மானம் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். வேறு தீர்மானம் எழுத நேரமில்லாததால் அதையே படித்தார். யாரும் மறுக்கவில்லை.

அப்போது மாப்பிள்ளை வந்தார். உட்காராமல், நின்றபடியே செய்தியைச் சொன்னார். இருபத்தோராம் தேதி திருப்பி அனுப்பிய உறை இன்று காலை பத்து மணிக்குக் கல்லூரிக்கு வந்து சேர்ந்ததாம். தங்கையின் கையில்தான் தபால்காரர் கொடுத்தாராம். முத்திரை அப்படியே இருக்கிறதாம், ஒரு மடிப்புகூட இல்லையாம். சொல்லிவிட்டு, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். ஆறு இருபது.

இதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று டிரைவர் மெதுவாகக் கேட்டார். தலைவர் பேனாவைத் திறந்தார். ஆய்வறிக்கையின் மூன்று நகல்களிலும் நூற்றுப் பதினெட்டை அடித்துவிட்டு நூற்றுப் பத்தொன்பது என்று எழுதி, ஒவ்வொரு திருத்தத்துக்குப் பக்கத்திலும் கையெழுத்திட்டார்.

சராசரி மாறவில்லை.