நாலு வீட்டு மழைச்சீட்டு

வீரபத்திரனுக்குச் சீட்டு விழுந்த வருஷம், ஐப்பசி மழை முழுவதும் அவர் காட்டில் மட்டும் பெய்தது. வரப்புக்கு இந்தப் பக்கம் மேய்ந்த வெள்ளாட்டின் முதுகில் ஒரு சொட்டு விழவில்லை. எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே, பஸ்ஸு நிற்காமல் போகிற அந்த நாலு வீட்டுச் சின்ன ஊரில் இதை யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை. சீட்டு என்றால் அப்படித்தான். பிடிக்கிறவர் முதல் சீட்டை எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் குலுக்கிப் போட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

அதற்கு முன்னால் அவர் பிடித்தது பணச்சீட்டுதான். ஒரு வருஷம் போடுவதற்கு எவர் கையிலும் துட்டு இல்லை. விதைக்கும் உரத்துக்கும் லோனு வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது எல்லாரும் பிலோமியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். பிலோமியின் புருசன் ஞானராஜ் லோனு வாங்கித்தான் போர் போட்டார். பாதாளம் வரை துளைத்தும் புழுதிதான் வந்தது. லோனுக்காரர்கள் வாசலில் வந்து உட்கார ஆரம்பித்ததும், போர் போட்ட அதே லாரியில் வேலைக்கு ஏறிப் போனவர் திரும்பவில்லை. பிலோமி சங்கிலியை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, இனிமேல் லோனு என்ற சொல்லைத் தொடுவதில்லை என்று மாதாவிடம் சத்தியம் செய்தாள். "துட்டு இல்லேன்னா என்ன, மழை இருக்குல்ல?" என்றார் வீரபத்திரன். "ஆளுக்கு நாலு தூத்தலா விழுந்து ஒருத்தருக்கும் ஆகாமப் போறதுக்கு, மொத்தமா ஒருத்தருக்கு விழட்டும்."

விதி ரொம்பச் சுலபம். சீட்டு எடுத்தவர் தன் காட்டில் குடத்தை நிமிர்த்தி வைக்க வேண்டும். மற்றவர்கள் தங்கள் குடத்தைக் கவிழ்த்து, காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு கல்லையும் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் குடமானாலும் மழைக்குச் சம்மதம்தான். ஒருவர் காட்டில் பருத்தி வெடித்தால் மற்ற மூன்று வீடும் அங்கேயே கூலிக்குப் போய்க் கஞ்சி குடித்தது. கடன் இல்லாத கஞ்சி கால் வயிறு என்பார்கள். அந்தக் கால் வயிறு நிம்மதியாகத் தூங்கியது.

ஆனால் மழை எடுத்தவர்கள் ஊரில் தங்கவில்லை, அதுதான் கொடுமை. வீரபத்திரன் பருத்தி விற்ற பணத்தில் மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, அவளோடு பந்தல்குடிக்கே போய்விட்டார். அடுத்து எடுத்த சின்னச்சாமி லோடு ஆட்டோ வாங்கிப் பாளையம்பட்டியில் குடியேறினான். அதற்கடுத்து எடுத்த சத்யபிரியா, புருசன் பிள்ளைகளோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். அவர்கள் காடுகளில் சீமைக்கருவேலம் ஏறியது. கடைசிச் சீட்டு பிலோமிக்கு. ஊரில் கடைசி ஆளும் அவள்தான். அவளும் போயிருக்கலாம். என்றைக்காவது அந்த மனுசன் திரும்பி வந்தால் பூட்டிய கதவைப் பார்க்கக் கூடாதே என்றுதான் கிடந்தாள். அந்த வருஷம் வெள்ளாமை இல்லையென்றால் சத்தியத்தை விட வேண்டும், இல்லையென்றால் வீட்டை விட வேண்டும்.

ஐப்பசி பிறந்ததும் மழை வந்தது, ஆனால் விழவில்லை. பிலோமியின் காட்டுக்கு மேலே பனை உயரத்தில் துளித் துளியாக அப்படியே நின்றது. காக்கைகள் பறந்தபடியே குடித்துவிட்டுப் போயின. திருச்சுழிப் பக்கம் போகிற பஸ்ஸில் கண்டக்டர் மழை என்று ஜன்னலை இறக்கிவிடச் சொன்னார், ஒன்றும் விழாததால் பிறகு ஏற்றிவிடச் சொன்னார். கீழே கரிசல் மண் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. போட்ட விதையை எறும்பு இழுத்துக்கொண்டு போனது. சீட்டு எடுத்தவன் ஏமாற்றுவது புதிதா என்ன? மழையைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்றே முடிவுகட்டி, போனை எடுத்து ஒவ்வொருவரையும் கிழித்தாள்.

வீரபத்திரன் பதறிப்போனார். "கருப்பசாமி மேல ஆணை தாயி, மக வீட்டு மாடியில கவுத்தி வச்சிருக்கேன்." சின்னச்சாமி லோடு ஆட்டோவின் பின்னால் குடத்தைக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டுதான் ஊர் ஊராகச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். சத்யபிரியாதான் கொஞ்சம் இழுத்தாள். "மாடியில இடம் இல்லக்கா. வாளியைத்தான் கவுத்தி வச்சிருக்கேன். அது செல்லாதா?"

"வாளி எப்பிடிடீ செல்லும்? குடம்னா குடம்!" என்று பிலோமி கத்தினாள். சத்யபிரியா அழுதுகொண்டே கடைக்குப் போய்ப் புதுக் குடம் வாங்கிக் கவிழ்த்தாள். மழை அப்போதும் நின்ற இடத்தில் நின்றது.

ராம்குமார் வந்தது அந்த வாரம்தான். அருப்புக்கோட்டையில் ஒரு லோனு கம்பெனியில் வேலை பார்க்கிற பையன், லோனுக் குழுவில் சேரச் சொல்லி வாரம் தவறாமல் பைக்கில் வருவான். அவளும் தவறாமல் திட்டி அனுப்புவாள். சத்தியம் என்னவோ சத்தியம்தான், ஆனால் வாரத்தில் அவள் வாய் திறந்து ஒரு மனுசரோடு நேருக்கு நேர் பேசுவது அவனோடு மட்டும்தான். பைக் சத்தம் கேட்டதும் தலைமுடியை ஒதுக்கிக்கொள்வது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. அன்றைக்குத் திட்டவில்லை. "எங்க தம்பி கையெழுத்துப் போடணும்?" என்றாள். கேட்டவனுக்கே வியர்த்துவிட்டது.

"மொதல்ல ஒரு வாய் தண்ணி குடுங்கக்கா."

"தண்ணியா? குடம் வீட்டுல இல்லையே தம்பி, காட்டுலல்ல கவுந்து கெடக்கு" என்றவள், சொன்ன வாயை மூடாமல் அப்படியே நின்றாள்.

வருஷா வருஷம் கவிழ்த்தே பழகிய கை, தன்னுடைய வருஷத்திலும் கவிழ்த்துக் கல்லும் வைத்துவிட்டு வந்திருக்கிறது. ஊரில் ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால், போகிற போக்கில் "ஏத்தா, ஓங் குடம் கவுந்துல்ல கெடக்கு" என்று சொல்லியிருக்கும். அவளே யாரிடமாவது தன் குடத்தைப் பற்றிப் பேசியிருந்தால் அவள் காதுக்கே கேட்டிருக்கும். பிலோமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காட்டுக்கு ஓடினாள். கல்லைத் தள்ளிக் குடத்தை நிமிர்த்திய மறுநிமிஷம், நின்றிருந்த மழை மொத்தமும் தொப்பென்று இறங்கியது. அவள் காட்டிலும் அவள் கூரையிலும் மட்டும்தான். ராம்குமார் பைக்கைப் பத்தடி தள்ளி ரோட்டில் நிறுத்திவிட்டு, காய்ந்த இடத்தில் நின்றபடி கையை மட்டும் மழைக்குள் நீட்டி வாங்கித் தண்ணீர் குடித்தான். "வாரேன்க்கா" என்று போனவன் பிறகு வரவில்லை. குழுவுக்கு ஆள் தேறாத ஊர் என்று எழுதிவிட்டானாம்.

அந்த மழையைக் காட்டுவதற்கு அவளுக்குப் பக்கத்தில் யாருமில்லை. ஆகவே ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, பேசாமல் போனை மழைப் பக்கம் நீட்டினாள். வீரபத்திரன் "பெய்யட்டும் தாயி, பெய்யட்டும்" என்றார். சின்னச்சாமி வண்டியை ஓரங்கட்டிக் கேட்டான். "கரிசக்காட்டு மழைச் சத்தம் கேட்டு எம்புட்டு நாளாச்சுக்கா" என்று சத்யபிரியா தேம்பினாள். கடைசியாக ஞானராஜின் பழைய நம்பருக்கும் போட்டாள். தொடர்புகொள்ள முடியாது என்று எப்போதும் சொல்கிற அந்தப் பொம்பளைக் குரலுக்கும் கொஞ்ச நேரம் மழையைக் காட்டினாள்.

அந்த வருஷம் பருத்தி நன்றாக வெடித்தது, ஊடுபயிராகப் போட்ட உளுந்தும் வீடு வந்து சேர்ந்தது. சத்தியமும் வீடும் அவளிடமே இருந்தன. சீட்டு முடிந்துபோனதால் அடுத்த ஐப்பசியில் யாரும் யாருக்கும் மழை போட வேண்டியதில்லை. இருந்தாலும் மேகம் கூடிய ஒரு சாயங்காலம் பிலோமி திருப்பூருக்குப் போன் போட்டாள்.

"ஏ சத்யபிரியா, இன்னைக்கு ஒரு நா மட்டும் மாடியில வாளியை நிமித்தி வையி."

"வாளி செல்லாதுன்னீகளேக்கா?"

"செல்லும்டி. வையி."

காட்டுக்குப் போய்த் தன் குடத்தைக் கவிழ்த்துக் கல்லை வைத்துவிட்டு வந்தாள். திருப்பூரில் ஒரே ஒரு வாடகை வீட்டு மாடியில் மட்டும் அன்றைக்கு மழை பெய்தது. காயப்போட்ட துணியெல்லாம் நனைந்துவிட்டது என்று வீட்டுச் சொந்தக்காரர் சத்தம் போட்டாராம், எங்கள் ஊர் மழைதான் என்று சத்யபிரியா சொன்னதும் அடங்கிவிட்டாராம். பிலோமி விளக்கைப் போட்டுவிட்டு அரிசி களையும்போது போன் அடித்தது. எடுத்தால் பேச்சில்லை, ஒரே மழை இரைச்சல். அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, வீட்டுக்கு ஆள் வந்தாற்போல உலையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள்.