இல்லாத கன்னம்

சலூன்காரர் பலூனில் பாதியை மழித்துவிட்டு, கத்தியை மடக்கி மேசைமேல் வைத்தார்.

"முடிஞ்சுது. அடுத்த ஆளை உக்காரச் சொல்லுங்க."

வலப்பாதி பளபளவென்று இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பலூன் வெடிக்காமல் நுரையை மட்டும் வழித்தெடுப்பது கைதேர்ந்தவர்களால்தான் முடியும். ஆனால் இடப்பாதியில் தடவிய நுரை தடவியபடியே இருந்தது. ஒரு குமிழிகூடக் கலையவில்லை.

தெரபிஸ்ட் பலூனைத் திருப்பிக் காட்டினான். "ஐயா, இது?"

சலூன்காரர் நுரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "ஏன் சார், நான் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள மறுபடி தடவிட்டீங்களா? என்னைச் சோதிக்கறதுக்கு வேற வழியே கிடைக்கலையா?"

கிண்டலில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். அதுதான் வியாதி.

பத்து வாரத்துக்கு முன்னால், கடையில் ஒருவருக்குக் கழுத்துத் துணி கட்டும்போது சரிந்து விழுந்தார். மூளையின் வலப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. இடக்கையும் இடக்காலும் போயின. கால், கைத்தடி உதவியோடு பாதி திரும்பியது. கை இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இதெல்லாம் ஊருக்கே தெரிந்த சேதம். தெரியாத சேதம் ஒன்று உண்டு. அவருடைய உலகத்தில் இடப்பக்கம் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. கண்ணில் கோளாறு கிடையாது. கண் பார்த்ததை மூளை கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. தட்டில் வலப்பக்கச் சோற்றைத் தின்றுவிட்டு "இவ்வளவுதானா?" என்று பொண்டாட்டியைத் திட்டுவார். அவள் தட்டைச் சுற்றிவிடுவாள். "இதை முதல்லயே வைக்கறதுக்கென்ன" என்று மீதியையும் தின்பார். கதவு நிலையில் இடத்தோள் இடித்தால் நிலை வைத்த தச்சனுக்கு வசவு விழும். தன்னிடம் குறை இருப்பதாக மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டார். இல்லாத ஒன்றை இழந்துவிட்டதாக ஒருவர் எப்படி ஒத்துக்கொள்வார்?

தெரபிஸ்டின் வேலை, இப்படி முடங்கிப்போனவர்களை அன்றாட வேலைகளுக்குத் திருப்புவது. ஆக்குபேஷனல் தெரபி என்று வாசலில் பெயர்ப்பலகை உண்டு. அதைப் படித்துவிட்டு வாரத்துக்கு ஒருவராவது உள்ளே வந்து "எந்த வேலை காலியா இருக்கு?" என்று கேட்பதும் உண்டு. முதல் நாள் அவன் நோயாளியிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நீங்க என்ன செய்யணும்னு ஆசைப்படறீங்க? பெரும்பாலும் பதில் பக்கத்திலிருப்பவர்களிடமிருந்துதான் வரும். இவர் விஷயத்திலும் தம்பி முந்திக்கொண்டார். "தானா சாப்பிடணும், குளிக்கணும், அது போதும்." பொண்டாட்டி, "சட்டைப் பொத்தான் போட்டா நல்லாருக்கும்" என்றாள். சலூன்காரர் இருவரையும் ஒருமுறை முறைத்தார்.

"சவரம் பண்ணணும். கத்தியால. மெஷின் கிஷின்லாம் வேணாம்."

தெரபிஸ்ட் அதையே எழுதிக்கொண்டான். மற்றவர்கள் கட்டைகளை அடுக்கச் சொல்லிக்கொடுக்கிற அறையில் அவன் பலூன் ஊதினான். வெடித்தபோதெல்லாம் அடுத்த அறையில் ஊசி போடுகிறவர்கள் சபித்தார்கள். ஆஸ்பத்திரி முழுக்க அவனுக்குப் 'பலூன் சார்' என்று பெயர் விழுந்தது.

முதலில் புத்தகத்தில் உள்ளபடி, இடப்பக்கம் எங்கே முடிகிறது என்று காட்டப் பலூனில் ஒரு சிவப்பு நாடா ஒட்டிப்பார்த்தான். அதுவரை பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. மறுநாளே அவர் அதைக் கிழித்துப்போட்டார். "கடைக்கு வர்றவங்க மூஞ்சியில நாடா ஒட்டுவீங்களா?" கேட்டது நியாயம். பிறகுதான், முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டான். "கடையில சவரம் முடிஞ்சுதுன்னு எப்படித் தெரிஞ்சுப்பீங்க?"

"கண்ணை நம்பறவன் அரைகுறை, சார். விரல் சொல்லணும். துணியை அவிழ்க்கறதுக்கு முன்னால, ஒரு காதுல ஆரம்பிச்சு மறு காது வரைக்கும் புறங்கையால ஒரு ஓட்டு. சொரசொரப்பு எங்கே இருந்தாலும் மாட்டும்."

"எந்தக் கையால?"

"இடக்கையால. வலக்கையிலதான் கத்தி இருக்குமே." சொல்லிவிட்டு, மடியில் கிடந்த அந்தக் கையைப் பார்க்காமலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று முதல் பலூனுக்குக் களிமண் காது முளைத்தது. கத்தியை வை, வலப் புறங்கையை எடு, காதிலிருந்து காதுக்கு ஓட்டு. சொன்னால் பத்துக்கு எட்டுமுறை செய்தார். நுரை கையில் பட்டதும் "அட" என்று தலையைத் திருப்பி மிச்சத்தை முடித்தார். சொல்லாவிட்டால் ஒருமுறைகூடச் செய்யவில்லை. "முடிஞ்சுது, அடுத்த ஆள்." இதில்தான் தெரபிஸ்டின் தூக்கம் கெட்டது.

அந்த வாரம் தம்பி வந்து குண்டைப் போட்டார். அண்ணனும் தம்பியும் இருபத்தாறு வருஷமாக ஒரே கடை, இரண்டு நாற்காலி. அண்ணனின் நாற்காலிக்கு வேறு ஓர் ஆளைப் பேசியாயிற்று, திங்கட்கிழமை சேருகிறார். "அண்ணன் வரட்டும், உக்காரட்டும், நாலு பேர்கிட்ட பேசட்டும். கத்தியைத் தொடக்கூடாது."

"டேய், அது என் நாற்காலிடா!"

"ஆமா, உன் நாற்காலிதான். அதுல உக்கார்றவன் கழுத்து யாருதுண்ணே?"

தம்பி கெட்டவர் இல்லை. விழுந்த அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். பயந்தவர், அவ்வளவுதான். பயத்தில் நியாயமும் இருந்தது. ஒரு காது போனால் கடையும் போகும், அண்ணனும் கம்பி எண்ணுவார்.

"பலூனை மழிச்சா ஆச்சா? மனுஷ மூஞ்சிய ஒண்ணு மழிச்சுக் காட்டட்டும். யாரும் வாய் திறக்கக் கூடாது, ஞாபகப்படுத்தக் கூடாது. செஞ்சுட்டா நான் அந்த ஆளை வேணாம்னு சொல்லிடறேன். ஆனா மூஞ்சி யார் குடுப்பா? நீங்க குடுப்பீங்களா சார்?"

"குடுக்கறேன்" என்றான் தெரபிஸ்ட்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் சலூன்காரர் அவனைப் பார்த்த பார்வைக்குப் பிறகு, வார்த்தையைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஆஸ்பத்திரியில் மேலிடத்துக்குச் சொல்லவில்லை. சொன்னால் வேலையே போகும். 'நோயாளியின் பணியிடத்தைப் பார்வையிடுதல்' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, நாலு நாள் தாடி வளர்த்தான்.

கடைக்கு விடுமுறை நாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தம்பி கண்ணாடியோரம் கைகட்டி நின்றார். பொண்டாட்டி, காத்திருப்போர் பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தெரபிஸ்ட் நாற்காலியில் சாய்ந்தான். நிபந்தனை இதுதான்: கத்தி எசகுபிசகாகப் போனால் அவன் சலூன்காரரின் கையைப் பிடித்துத் தடுக்கலாம். வாயைத் திறந்தால் ஆட்டம் முடிந்தது.

சலூன்காரர் கைத்தடியை மாட்டிவிட்டு, நாற்காலிக்கு எதிரே வந்து இடுப்பைக் கைப்பிடியில் சாய்த்து நின்றார். ஒற்றைக் கையால் துணியைப் போர்த்தினார். முடிச்சுக்குப் பதில் கிளிப். அதை அவரே கண்டுபிடித்திருந்தார். பிரஷ்ஷால் நுரை தடவியது தம்பி. அதுமட்டும் ஒப்பந்தத்தில் உண்டு. கத்தியில் புது பிளேடு மாற்றியதும் தம்பிதான். அதைத் தெரபிஸ்ட் கண்ணாடியில் பார்த்தான். கரணம் தப்பினால் மரணம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது, வேண்டாத நேரத்தில் ஞாபகம் வந்தது.

முதல் இழுப்பு அவன் இடக் கன்னத்தில். எதிரே நிற்கிறவருக்கு அதுதான் வலப்பக்கம். கத்தி பட்டதும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அப்படி ஒரு கை! பத்து வாரமாக மனுஷ மூஞ்சியையே தொடாத கை என்று யாரும் சொல்லமாட்டார்கள். சலூன்காரர் சீட்டியடிக்கிறாற்போல் உதட்டைக் குவித்துக்கொண்டார். தாடை, மீசையின் ஒரு பாதி, மோவாய்க்குக் கீழே ஒரு பாதி. குரல்வளை மேட்டின் ஓரமாகக் கத்தி இறங்கியபோது தெரபிஸ்ட் எச்சில் விழுங்காமல் இருக்கப் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

மூக்குக்கு நேர்கோட்டில் வந்ததும் கத்தி நின்றது.

சலூன்காரர் ஓரடி பின்னால் நகர்ந்தார். வேலையை ரசிக்கிற பார்வை. கத்தியை மடக்கினார்.

வலக் கன்னம் முழுக்க நுரை. கண்ணாடியில் தெரபிஸ்டுக்குத் தெரிந்தது, தம்பிக்குத் தெரிந்தது, பெஞ்சில் இருந்தவளுக்குத் தெரிந்தது. அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டார். ஜெயித்த முகமே இல்லை அது.

சொல்லிவிடலாம். 'காது' என்று ஒரே ஒரு வார்த்தை. தெரபிஸ்டின் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் சொல்லி நடந்ததெல்லாம் ஆஸ்பத்திரியோடு போயிற்று. இங்கே தினம் யார் வந்து சொல்வார்கள்? பல்லைக் கடித்தான். நுரை காய்ந்து கன்னம் இழுத்தது.

சலூன்காரர் கத்தியை அலமாரியில் வைத்தார். துணி கிளிப்பை எடுக்கக் கை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. எதையோ மறந்துவிட்டு வீட்டைப் பூட்டினவரைப்போல ஒரு கணம் நின்றார். பிறகு புறங்கையை அவன் இடக் காதின் அடியில் வைத்து, மெல்ல ஓட்டினார். கன்னம், தாடை, மோவாய்.

புறங்கை நுரைக்குள் புதைந்தது.

இந்தமுறை "அட" வரவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தார். மணிக்கட்டுவரை வெள்ளை. இது ஆஸ்பத்திரி இல்லை. ஏமாற்றி நுரை தடவ இங்கே யாருமில்லை. நாற்காலியில் இருப்பவனின் இரண்டு கையும் துணிக்குள் இருந்தன. தம்பி நாலடி தள்ளி நின்றார்.

தலையைச் சிரமப்பட்டு, கழுத்து நரம்பு புடைக்க, இடப்பக்கம் திருப்பினார். பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நெசந்தானா?" என்றார். யாரிடம் என்று தெரியவில்லை. "சாப்பாட்டுத் தட்டும் அப்படித்தானா? நான் உன்னைப் போட்டுத் திட்டினதெல்லாம்?"

பெஞ்சில் இருந்தவள் அழுதாள்.

அவர் கத்தியை மறுபடி எடுத்தார். அப்போதுதான் அந்தக் கை நடுங்கியது. இவ்வளவு நேரம் மலைபோல் நின்ற கை, குறை இருக்கிறதென்று தெரிந்த நிமிஷத்தில் உதறத் தொடங்கியது. பிளேடு வெளிச்சத்தில் மினுக்மினுக்கென்றது.

"போதும்ண்ணே" என்றார் தம்பி. குரல் உடைந்திருந்தது. "குடு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

சலூன்காரர் தம்பியைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தவனைப் பார்த்தார். தெரபிஸ்டுக்கு எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது, அதை அவன் பிறகும் மறைக்கவில்லை. ஆனால் இதற்கு முன் அவனை மழித்தது, பாதி உலகம் இல்லாததே தெரியாத ஒருவர். இப்போது நிற்பவருக்கு அது தெரியும். கழுத்தைக் கொடுப்பதென்றால் இவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

கண்ணை மூடி, மோவாயைத் தூக்கிக் காட்டினான்.

நாற்காலி சுழல்கிற சத்தம் கேட்டது. தான் சுற்றி வர முடியாததால் அவனையே சுற்றிவிட்டிருந்தார், நுரைப்பக்கம் தனக்கு நேராக வரும்படி. இப்படி யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. புறங்கையால் காதைத் தொட்டார். அங்கிருந்து ஒரு விரல் அகலம் மழித்தார். நிறுத்தினார், தொட்டார், மறுபடி ஒரு விரல் அகலம். முன்பாதிக்கு ஆறு நிமிஷம் ஆனது. இந்தப் பாதிக்கு இருபத்தைந்து நிமிஷம். காதுமடலுக்குக் கீழே ஒருமுறை சுருக்கென்றது. அவர் படிகாரக் கல்லை எடுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க சார்" என்றார். பிறகு காதிலிருந்து காதுக்கு ஓர் ஓட்டு. இன்னும் ஓர் ஓட்டு.

அப்போது ஷட்டருக்கு அடியில் ஒரு தலை குனிந்து எட்டிப் பார்த்தது. பழைய வாடிக்கையாளர். "கடை திறந்துதான் இருக்கா? அட, அண்ணன் வந்துட்டாரே! இவரை அனுப்பிட்டு எனக்கு ஒரு சவரம் பண்ணிவிடுண்ணே, பத்து வாரமா உன் கைக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

தம்பி வாயைத் திறந்தார். அண்ணன் கை காட்டி நிறுத்தினார்.

"இப்ப முடியாதுப்பா" என்றார் சலூன்காரர். "எனக்கு இடப்பக்கம் தெரியறதில்லை. பழகிக்கிட்டிருக்கேன். இன்னும் ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் தம்பிகிட்ட உக்காரு."

இப்படி ஒரு வாக்கியத்தை அவர் வாயிலிருந்து கேட்பதற்காகத் தெரபிஸ்ட் இத்தனை வாரமும் பலூன் ஊதியிருந்தான்.

வந்தவர், சுழன்று நின்ற நாற்காலியைப் பார்த்தார். "அப்போ இதுல வேற ஆள் யாராச்சும் வர்றாங்களா?"

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யாரும் வரலை" என்றார். "அது அண்ணன் நாற்காலி. நீங்க இப்படி வாங்க."